காயம்பட்ட உடலை அரக்கனாக்காத ஓவியர்

1960களின் நடுப்பகுதியில் யப்பானியத் தொலைக்காட்சி ஒன்றுக்காக இராட்சத மிருகங்களை வரைந்துகொடுத்த சிற்பி ஒருவர் தனக்குத்தானே மூன்று கட்டுப்பாடுகளை விதித்துக்கொண்டார். உலகில் இருக்கிற விலங்கொன்றை அப்படியே பெருப்பித்துவிட்டு அதை இராட்சத மிருகம் என்று சொல்லக்கூடாது. இரண்டு தலை, எட்டுக் கை என்று உறுப்புகளைக் கூட்டி அதைப் பேயாக்கக்கூடாது. மூன்றாவது, உடைந்த உடலைக் காட்டக்கூடாது. மூளை வெளியே தள்ளி, குடல் சரிந்து, இரத்தம் வடிய நிற்கும் உருவத்தை வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்தக்கூடாது.

முதல் இரண்டும் ஒரு கலைஞனின் தொழில் மானம் சம்பந்தப்பட்டவை. மூன்றாவதின் கனம் வேறு. போர் முடிந்து இருபது வருடங்கள்தான் ஆகியிருந்தன. தீக்காயத் தழும்போடும் இழந்த கை கால்களோடும் மனிதர்கள் அந்த நாட்டின் தெருக்களிலும் பேருந்துகளிலும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். போர் தின்ற ஊர்களில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்தச் சிற்பியின் பெயர் நரிதா தோரு. வெள்ளியும் சிவப்புமான உடல், முட்டை வடிவக் கண்கள், கைகளைக் குறுக்கே வைத்து ஒளிக்கதிர் பாய்ச்சும் ஒரு விண்வெளி வீரன்: அல்ட்ராமன். ஆசியாவில் வளர்ந்த பலர் அவனை ஒரு பொம்மையாகவாவது கண்டிருப்பார்கள். அந்த உடலையும் உடையையும் கற்பனை செய்தவர் நரிதா. அல்ட்ராமனைத் தெரிந்த அளவுக்கு அவரைத் தெரியாமல் போனதற்கும் ஒரு கதை இருக்கிறது. அது பின்னால் வரும்.

நரிதா 1929 செப்டெம்பர் 3 ஆம் திகதி கோபே நகரில் பிறந்தார். வளர்ந்தது பெரும்பாலும் வடக்கே, பனி கொட்டும் ஆவோமோரியில். ஒரு வயது கூட நிரம்பாத குழந்தையாக இருந்தபோது, வீட்டின் நடுவே தரையில் குழி வெட்டி நெருப்பு மூட்டும் பழைய யப்பானிய அடுப்பில் அவருடைய இடது கை வெந்துபோனது. திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை செய்தும் அந்தக் கை சரியாகவில்லை. கோபேயில் பாடசாலைக்குப் போனபோது அந்தக் கையையும் அவருடைய வடக்கத்திப் பேச்சையும் மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவர் வலது கையால் வரைவதில் ஒதுங்கிக்கொண்டார்.

அவருடைய குழந்தைப் பருவத்தின் இரண்டு நகரங்களும் 1945 இல் எரிந்தன. கோபே மார்ச்சிலும் ஜூனிலும், ஆவோமோரி ஜூலை 28 ஆம் திகதி இரவிலும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் தீக்குண்டுகளால் சாம்பலாயின. அப்போது நரிதாவுக்கு வயது 15. மூன்று கிழமைகள் போவதற்குள் யப்பான் சரணடைந்தது.

படிப்பு முடிந்ததும் கலைக் கல்லூரிக்குப் போகக் கையில் காசில்லை. மெழுகுத் தாளில் எழுத்தாணியால் கீறி றோனியோவில் அச்சடிக்கிற வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்தார். அந்தக் காலத்தில்தான் ஆவோமோரி ஓவியர் அபே கோசெய்யின் அறிமுகம் கிடைத்தது. இந்த அபே பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். 1938 இல், போருக்குப் போகும் படையினரைக் கொடியசைத்து வழியனுப்பும் கூட்டத்தை அவர் வரைந்தார். அந்தக் கூட்டத்தின் முகங்களில் இருந்த வெறியைக் கண்டு, அது போருக்கு எதிரான படம் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. பிறகு அவரையே படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்தபின் சைபீரியத் தடுப்பு முகாமில் கிடந்துவிட்டு ஊர் திரும்பினார். நரிதாவுக்கு ஓவியத்தின் அடிப்படையைச் சொல்லிக் கொடுத்தவர் அந்த மனிதர்.

1950 இல் டோக்கியோவின் முசாஷினோ கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கச் சேர்ந்த நரிதா, பிறகு சிற்பத்துக்கு மாறினார். அவருடைய ஆசிரியர் ஷிமிசு தகாஷி, பாரிசில் பூர்தெல் என்ற பெரிய சிற்பியிடம் பயின்று வந்தவர். சிற்பம் சோறு போடாது. 1954 இல் தோஹோ படக் கம்பனி ஒரு புதுமையான படத்துக்குச் சிறிய கட்டடங்கள் செய்ய ஆள் தேடியபோது நரிதா பகுதிநேர வேலைக்குப் போனார். அந்தப் படம்தான் 'கோட்சில்லா'. அணுகுண்டுப் பரிசோதனையால் விழித்தெழும் மிருகம் ஒன்று டோக்கியோவை மிதித்து எரிக்கிற கதை. மிதித்தால் அழகாக உடைந்து விழ வேண்டும் என்பதற்காகவே நரிதாவும் மற்றவர்களும் சாந்தில் கட்டடங்கள் வார்த்தார்கள். எரிந்த நகரங்களில் வளர்ந்த இளைஞர்கள், எரிப்பதற்காக ஒரு குட்டி நகரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு வேலையை இரவு பகலாகச் செய்தவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அடுத்த பத்து வருடங்கள் இரண்டு தோணியில் கால். ஒரு பக்கம் கண்காட்சிகளுக்கான சிற்பங்கள், மறுபக்கம் வயிற்றுப்பாட்டுக்குத் திரைப்படக் கலை வேலைகள். 1962 இல் ஒரு முக்கியமான கண்காட்சியில் புதிய கலைஞருக்கான விருதும் கிடைத்தது. 1965 இல், கோட்சில்லாவின் தந்திரக் காட்சிகளை உருவாக்கிய ட்சுபுராயா எய்ஜியின் நிறுவனம் தொலைக்காட்சிக்காக 'அல்ட்ரா கியூ' என்ற தொடரைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, ஒப்பந்த அடிப்படையில் அங்கே போனார். கிழமைக்கு ஒரு புது மிருகம் வேண்டும். நரிதா வரைவார். ஓவியரும் கைவினைஞருமான தகயாமா ரியோசாகு அதை இறப்பரில் செய்து உயிர் கொடுப்பார்.

1966 ஜூலையில் அடுத்த தொடர் தொடங்க இருந்தது. இந்த முறை வர்ணத்தில். மிருகங்களோடு மோத ஒரு நாயகன் வேண்டும். முதலில் எழுதப்பட்ட திட்டத்தில் அந்த நாயகனே ஒரு பறவை போன்ற மிருகமாகத்தான் இருந்தான். நல்ல மிருகத்தையும் கெட்ட மிருகத்தையும் பிள்ளைகள் எப்படிப் பிரித்தறிவது என்ற கேள்வி வந்தது. மனித வடிவுக்கு மாற்றினார்கள். நரிதாவின் ஆரம்ப வரைவுகளில் அந்த மனிதனின் தலையிலும் உடலிலும் நிறையச் சமாசாரங்கள் இருந்தன. வரைய வரைய அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தார்.

கடைசியில் மிஞ்சியதைப் பாருங்கள். சண்டைக்காரன் ஒருவனுக்கு வழமையாகக் கொடுக்கிற எதுவும் அவனிடம் இல்லை. கவசமில்லை, வாளில்லை, இடுப்புப் பட்டியில்லை, மேலங்கியில்லை. விண்கலத்தின் உலோகம் போன்ற வெள்ளி நிற மேனி, அதன்மேல் செவ்வாய்க் கிரகத்தை நினைத்து இழுத்த சிவப்புக் கோடுகள், அவ்வளவுதான். பழைய கிரேக்கர் ஒழுங்கையும் குழப்பத்தையும் எதிரெதிராக வைத்துச் சிந்தித்ததை நரிதா எடுத்துக்கொண்டார். மிருகங்கள் குழப்பத்தின் வடிவம். ஆகவே அவற்றின் உடலில் கொம்பும் செதிலும் முள்ளும் மண்டிக் கிடக்கலாம். இவன் ஒழுங்கின் வடிவம். ஆகவே இவனிடம் மிகை எதுவும் இருக்கக்கூடாது.

முகத்துக்குத்தான் அதிகம் உழைத்தார். அவருடைய வழிகாட்டலில் சசாகி அகிரா என்ற சிற்பி களிமண்ணில் அதைச் செய்தார். ஆதிக் கிரேக்கச் சிலைகளின் உதட்டிலும் பழைய புத்தர் சிலைகளின் உதட்டிலும் ஒரு மெல்லிய முறுவல் இருக்கும். சிரிப்பு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதை ஒரு தொலைக்காட்சிச் சண்டைக்காரனின் வாயில் வைத்தார் நரிதா. உண்மையில் வலிமை உள்ளவன் மோதும்போது பல்லைக் கடிக்கமாட்டான், லேசாகப் புன்னகைப்பான் என்பது அவருடைய எண்ணம். கோபத்தில் இருந்து அடிக்கிறவனுக்கும் தேவைக்காக அடிக்கிறவனுக்கும் முகத்தில் வேறுபாடு தெரிய வேண்டும் என்று நினைத்தவரின் எண்ணம் அது. அன்றைய சிறுவர் தொடர்களிலும் சரி இன்றைய சிறுவர் தொடர்களிலும் சரி, இப்படி யோசிக்கிறவர்கள் குறைவு.

உடையை அணிய யார் என்பதிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. முந்தைய தொடரில் ஒரு வேற்றுக்கிரகவாசியின் உடைக்குள் இருந்து நடித்த ஃபுருயா பின் என்ற இளம் நடிகரின் உயரமும் நீண்ட கால்களும் அவர் கண்ணில் பட்டிருந்தன. முகம் காட்டி நடிக்க வேண்டும் என்று கனவு கண்ட அந்த இளைஞருக்கு, முகமே தெரியாத வேடம் பிடிக்கவில்லை. வற்புறுத்தலுக்குப் பிறகுதான் சம்மதித்தார். அவருடைய உடம்பின் அளவுக்கே, கடலில் சுழியோடுபவர்கள் அணிவது போன்ற ஒட்டிய இறப்பர் உடை தைக்கப்பட்டு, வெள்ளி பூசப்பட்டது. உள்ளே வெக்கை தாங்காது. முகமூடியின் கண்ணருகே குத்திய சிறு துளைகளால்தான் வெளியே பார்க்க முடியும். சுற்றிவர வெடியும் நெருப்பும். விட்டுவிடுவோம் என்று முடிவெடுத்திருந்த ஒரு நாள், பேருந்தில் சிறுவர்கள் சிலர் அல்ட்ராமனைப் பற்றிக் கண்கள் பளபளக்கக் கதைத்துக்கொண்டு வந்ததைக் கேட்டு அவர் மனம் மாறியதாக ஃபுருயாவே பின்னாளில் எழுதினார்.

இந்த உடையில் இருந்துதான் இல்லாத ஒரு தற்காப்புக் கலை பிறந்தது. ஃபுருயா கராத்தே வீரர் அல்லர். மல்யுத்தம் அன்றைய யப்பானில் தொலைக்காட்சியின் பெருவிருப்பமாக இருந்ததால் பிடித்து எறிதலும் கைவிளிம்பால் வெட்டுதலும் அதிலிருந்து வந்தன. ஆனால் அல்ட்ராமனுக்கே உரிய நிலை, முதுகைச் சற்று வளைத்து, முழங்காலை மடித்து, கைகளை முன்னே விரித்து நிற்பது, வேறிடத்தில் இருந்து வந்தது. ஜேம்ஸ் டீன் நடித்த அமெரிக்கப் படமொன்றில் கத்திச் சண்டைக்கு அவர் குனிந்து நிற்கும் விதத்தைத் தான் எடுத்துக்கொண்டதாக ஃபுருயா சொல்லியிருக்கிறார். ஆயுதமும் கவசமும் இல்லாத உடல் அப்படிக் குனிந்து நிற்கும்போது, அது பாய்வதற்கும் தயார், அடி வாங்குவதற்கும் தயார் என்று தெரியும்.

கதிர் பாய்ச்சும் நிலையும் அப்படித்தான். இடது கை நெஞ்சுக்கு முன்னே கிடையாக, வலது கை அதன்மேல் செங்குத்தாக. ஒளிக்கதிரைப் பின்னர் படச்சுருளில் வரைந்து சேர்க்க வேண்டும் என்பதால் கை அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. ஒரு கை மற்றக் கையைத் தாங்கினால் அசையாது. இயக்குநர் ஈஜிமா தொஷிஹிரோவும் ஒளித் தந்திரக் கலைஞரும் ஃபுருயாவும் படப்பிடிப்புத் தளத்தில் நின்று பிடித்த நிலை அது. பிறகு ஃபுருயா வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான தடவைகள் அதைச் செய்து பழகினார். சண்டைப் பள்ளி எதிலும் கற்பிக்கப்படாத அந்த நிலையை யப்பானில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் செய்து பார்த்திருக்கிறார்கள்.

நரிதா வரையாத ஒன்றும் அந்த உடலில் ஏறியது. நெஞ்சில் ஒரு விளக்கு. பூமியில் அல்ட்ராமனால் மூன்று நிமிடங்கள்தான் நிற்க முடியும், சக்தி குறைந்தால் நீல விளக்கு சிவப்பாகி மினுங்கும் என்று கதைப் பக்கத்தில் இருந்தவர்கள் சேர்த்துவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்குப் பதற்றம் கொடுக்க அது நல்ல உத்திதான். நரிதாவுக்கு அது கடைசி வரை பிடிக்கவில்லை. முதுகில் சிப்பை மறைக்க வைத்த செதிலும், கண் துளைகளும் அப்படியே. தேவைக்காக உடையில் ஏறியவற்றை அவர் உருவத்தின் பகுதியாக ஒருநாளும் ஏற்கவில்லை. இதில் நான் முழுக்க அவர் பக்கம் இல்லை. மினுங்கும் அந்தச் சிவப்பு விளக்கு இல்லாவிட்டால் வெல்ல முடியாதவனின் சண்டையை யார் கவலையோடு பார்த்திருப்பார்கள்?

மிருகங்களுக்கு வருவோம். அவர் விதிகளுக்கு உட்பட்டு எவ்வளவு தூரம் போனார் என்பது அவற்றில்தான் தெரியும். ரெட் கிங் என்ற மிருகத்துக்கு உடலோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிய தலை. கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும்போது உச்சி தூரத்தில் சிறுத்துத் தெரியும் என்பதை உடையிலேயே வைத்துவிட்டார். ஆகவே ஆறடி மனிதன் அணிந்த இறப்பர் உடை மலையளவு தெரிந்தது. கொமோரா என்ற மிருகத்தின் கொம்பு, குரோடா நகமாசா என்ற பழைய படைத் தலைவனின் தலைக்கவசத்தில் இருந்து வந்தது. டாடா என்ற வேற்றுக்கிரகவாசியின் உடல் முழுதும் கண்ணைக் குழப்பும் கறுப்பு வெள்ளைக் கோடுகள். பெயர் ஐரோப்பியக் கலை இயக்கம் ஒன்றினுடையது. ஞாயிறு மாலை ஏழு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு இருந்த பிள்ளைகளுக்கு இருபதாம் நூற்றாண்டுக் கலையை அவர் இப்படித் தீத்திக்கொண்டிருந்தார்.

அந்தத் தொடரின் கதைகள் எல்லாம் வெறும் அடிதடி என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாவது அத்தியாயத்தில் வரும் பால்தான் கிரகத்தவர்கள் உண்மையில் அகதிகள். பைத்தியக்கார விஞ்ஞானி ஒருவனின் அணுப் பரிசோதனையால் சொந்தக் கிரகம் அழிந்துபோக, இருநூறு கோடிப் பேர் ஒரே கலத்தில் இடம் தேடி வருகிறார்கள். கதை அவர்களுக்கு இரக்கம் காட்டவில்லை. அல்ட்ராமன் அந்தக் கலத்தை அழித்துவிடுகிறான். இருபத்துமூன்றாவது அத்தியாயத்தில் வரும் ஜமிலா ஒரு காலத்தில் மனிதன். விண்வெளிப் போட்டியில் அவனை அனுப்பிய நாடு, விபத்தை மறைக்க அவனைக் கைவிட்டது. தண்ணீரில்லாத கிரகத்தில் கிடந்து உருமாறித் திரும்பி வந்தவனை அல்ட்ராமன் நீர் பாய்ச்சிக் கொல்கிறான். ஜமிலாவை நரிதா எப்படி வரைந்தார் என்பதைக் கவனியுங்கள். சிதைந்த மனிதன் என்றதும் கை போகக்கூடிய இடம் தசை கிழிந்த முகம். அவர் அங்கே போகவில்லை. வறட்சியில் வெடித்த குளத்து மண் போன்ற தோல், கழுத்தில்லாமல் தோளுக்குள் புதைந்த தலை. பயமும் வருகிறது, பாவமும் வருகிறது, அருவருப்பு வரவில்லை. யப்பானியச் சிறுவர்கள் தங்கள் சேட்டைக் கழுத்தோடு மேலே இழுத்துத் தலையை மூடிக்கொண்டு ஜமிலா விளையாட்டு விளையாடினார்கள்.

1967 ஒக்டோபரில் அடுத்த தொடர் 'அல்ட்ராசெவன்' வந்தது. இந்த நாயகனின் உடைக்குள் இருந்த நடிகர் ஃபுருயா அளவுக்கு உயரம் இல்லை. நரிதா தோளிலும் நெஞ்சிலும் கவசம் போன்ற ஒன்றை வைத்துப் பார்ப்பவரின் கண்ணை மேலே இழுத்தார். கீழே கால்கள் நீண்டு தெரிந்தன. நிறம் நீலமாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். நீலத் திரைக்கு முன்னால் எடுத்து இணைக்கும் தந்திரக் காட்சிகளில் நீல உடை காணாமல் போய்விடும் என்பதால் சிவப்பாக்கினார். தொழில் தெரிந்த மனிதனின் சமரசங்கள் இவை. அவற்றில் அவருக்குக் கசப்பிருக்கவில்லை.

கசப்பு வந்தது பன்னிரண்டாவது அத்தியாயத்தில். ஆயுதப் பரிசோதனையால் இரத்தம் கெட்டுப்போன ஸ்பெல் என்ற கிரகத்தவர்கள், கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவியால் பூமியின் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் இருந்து இரத்தம் திருட வருகிறார்கள். இயக்குநர் ஜிஸ்ஸோஜி அகியோ திறமைசாலி, படக் காட்சியில் மேதை. ஜமிலா கதையை எடுத்தவரும் அவரே. அவர் கேட்டது வெள்ளை உடல், அதன்மேல் தீக்காயம் ஆறிய பின் தடித்து எழும் தழும்புகள். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர் தப்பியவர்களின் முதுகிலும் கையிலும் முகத்திலும் இருந்த அதே தழும்பு. தன் மூன்றாவது விதிக்கு இது நேர் விரோதம் என்று நரிதாவுக்குத் தெரியும். மனம் ஒட்டாமலே அந்த வேலை நடந்தது. வெள்ளை உடலில் கருந்திட்டுகளோடு ஸ்பெல் கிரகத்தவன் திரையில் வந்தான். 1967 டிசம்பர் 17 ஆம் திகதி அது ஒளிபரப்பானது. அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்று வருடங்கள் கழிந்தன. 1970 ஒக்டோபரில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஒரு சஞ்சிகையின் இணைப்பாக வந்த அட்டைகளில் ஸ்பெல் கிரகத்தவனும் இருந்தான். தொடரில் இல்லாத ஒரு பெயரை அந்த அட்டை அவனுக்குச் சூட்டியிருந்தது. அணுகுண்டால் பாதிக்கப்பட்ட வேற்றுக்கிரகவாசி என்று பொருள்படும் பெயர். குண்டில் தப்பிய மனிதர்களைக் குறிக்க யப்பானியர் பயன்படுத்தும் அதே சொல். அதைக் கண்ட ஒரு மாணவி தன் தந்தையிடம் காட்டினாள். பாதிக்கப்பட்டவர்களுக்காக வேலை செய்துகொண்டிருந்த அந்தத் தந்தை சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார். பத்திரிகையில் செய்தி வந்தது. பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் கொதித்தெழுந்தன. திருமணச் சந்தையிலும் வேலையிடங்களிலும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டு வந்தவர்கள் அவர்கள். இப்போது அவர்களுடைய தழும்பு, பிள்ளைகளின் இரத்தத்தை உறிஞ்சுகிற அரக்கனின் அடையாளமாக ஒரு அட்டையில் அச்சாகியிருந்தது. ட்சுபுராயா நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்த அத்தியாயத்தை விலக்கிக்கொண்டது. பிறகு வந்த மறு ஒளிபரப்புகளிலும் விற்பனைப் பதிப்புகளிலும் பதினொன்றுக்கு அடுத்தது பதின்மூன்று.

அந்த அத்தியாயம் போருக்கு எதிரானது, அதைப் பூட்டி வைத்தது தவறு என்று வாதிடுகிறவர்கள் யப்பானில் இருக்கிறார்கள். கதையின் நோக்கம் அதுவாகவே இருக்கட்டும். எழுதப்பட்ட நோக்கத்தைப் பிள்ளைகள் பார்ப்பதில்லை, உருவத்தைத்தான் பார்க்கிறார்கள். போரைக் கண்டிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போர் சிதைத்த உடலைப் பயமுறுத்தும் பொருளாக வைப்பது ஊடகங்களில் இன்றும் நடக்கிறது. ஊடகம் படித்தவள் என்ற வகையில் எனக்கு இதில் வியப்பு ஒன்றுதான்: வகுப்பறைகளில் நாங்கள் பின்னர் நீண்ட பெயர்களோடு படித்ததை, ஒரு சிற்பி 1960களிலேயே ஒற்றை விதியாக எழுதி வைத்திருந்தார். அவருடைய வெந்த இடது கையில் இருந்துதான் அந்த விதி வந்தது என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் உடம்பில் இருந்த ஒரு காயத்துக்காகப் பாடசாலை முற்றத்தில் கேலிக்கு உள்ளானவருக்கு, அந்த அட்டை என்ன செய்யும் என்று மற்றவர்களை விட முன்னரே தெரிந்திருக்கும்.

அந்த அட்டை வரும்போது நரிதா ட்சுபுராயாவில் இல்லை. 1968 இல், அல்ட்ராசெவன் முடிவதற்கு முன்பே வெளியேறியிருந்தார். தன் உழைப்புக்கு உரிய மதிப்பும் உரிமையும் கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கல் பெரிய காரணம். வரைந்தவை நிறுவனத்தின் சொத்தாயின. பொம்மை, புத்தகம், சட்டை, மிட்டாய் உறை என்று அல்ட்ராமன் போகாத இடமில்லை. வரைந்தவருக்கு அதில் பங்கில்லை. பின்னால் வந்த தொடர்களில் அல்ட்ராமனுக்கு அண்ணன் தம்பிகள் வந்தார்கள், அப்பா வந்தார், தலையில் கொம்பும் முகத்தில் தாடியும் முளைத்தன. கழற்றிக் கழற்றித் தான் எட்டிய உருவத்தில் மற்றவர்கள் ஒவ்வொன்றாக ஒட்டுவதை நரிதா எழுத்திலும் பேச்சிலும் கடுமையாகச் சாடினார். உரிமைத் தகராறு பிற்காலத்தில் நீதிமன்றம் வரை போனது. பிறகு வழக்கை அவரே திரும்பப் பெற்றார்.

1970 ஒசாக்கா உலகக் கண்காட்சியில் ஒகமோட்டோ தாரோ எழுப்பிய சூரியக் கோபுரத்தின் உள்ளே, ஒருகல உயிரில் இருந்து மனிதன் வரை ஏறிச் செல்லும் உயிர்மரத்தைச் செய்யும் வேலை நரிதாவிடம் வந்தது. 1972 இல் இன்னொரு தொலைக்காட்சி நாயகனுக்கு உடை வரைந்தார். அந்தத் தொடர் மூன்று மாதங்களில் நின்றுபோனது. 1975 இல் ஓடும் புகையிரதத்தில் குண்டு வைக்கப்பட்ட கதையொன்றுக்குச் சிறிய புகையிரதங்கள் செய்தார். வேலைகள் வந்தன. அல்ட்ராமன் போல ஒன்று திரும்ப வரவில்லை.

முதுமையில் அவர் அரக்கர்களிடமே திரும்பிப் போனார், ஆனால் இந்த முறை கதைகளில் தோற்றவர்களிடம். கியோட்டோவுக்கு வடக்கே ஒயே மலையில், தலைநகரில் இருந்து வந்த வீரர்கள் ஓனி எனப்படும் கொம்பு முளைத்த அரக்கர் கூட்டத்தை மதுவில் மயக்கிக் கொன்ற பழங்கதை ஒன்று உண்டு. அந்த மலையடியில் மூன்று ஓனிகளின் பெரிய சிலையை நரிதா செய்தார். ஒருவன் தலைநகர் இருக்கும் திசையைக் கைநீட்டிக் காட்டுகிறான். அரசின் கதையில் அரக்கன் என்று பெயர் பெற்றவர்கள், அரசுக்கு அடங்காத மனிதர்களாகவும் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் யப்பானில் பலருக்கு உண்டு. நரிதாவின் ஓனிகளிடம் காயம் இல்லை. நிமிர்ந்து நிற்கிறார்கள்.

1983 இல் அவர் அல்ட்ராமனை இன்னொரு முறை, எண்ணெய் வர்ணத்தில், தனக்காக வரைந்தார். உண்மை, நீதி, அழகு ஆகிய மூன்றின் அவதாரம் என்று அதற்குப் பெயரிட்டார். அந்த ஓவியத்தில் நெஞ்சு விளக்கு இல்லை, கண் துளை இல்லை, முதுகுச் செதில் இல்லை.

2002 பெப்ரவரி 26 ஆம் திகதி, தனது 72 ஆவது வயதில் நரிதா காலமானார். அவருடைய கைபட்ட மூல வரைவுகளில் 189 ஐ ஆவோமோரி மாகாணம் வாங்கி வைத்திருந்தது. 2006 இல் திறக்கப்பட்ட அந்த மாகாணக் கலைக்கூடத்தில் அவை இருக்கின்றன. 2014 இலும் 2015 இலும் தோயாமா, ஃபுகுவோகா, ஆவோமோரி ஆகிய இடங்களில் அவருடைய வாழ்நாள் வேலை முழுதும் பெரிய கண்காட்சியாக வைக்கப்பட்டது. உயிரோடு இருந்த காலத்தில் சிற்பிகள் அவரைத் தொலைக்காட்சிக்காரராகவும் தொலைக்காட்சிக்காரர்கள் அவரை ஒப்பந்த ஊழியராகவும் பார்த்தார்கள். அதற்குள் இரண்டு வேலைகளும் ஒரே சுவரில் மாட்டப்பட்டன.

2022 இல், சிறுவயதில் அல்ட்ராமன் பார்த்து வளர்ந்த அன்னோ ஹிதேயாகியும் ஹிகுச்சி ஷின்ஜியும் 'ஷின் அல்ட்ராமன்' படத்தை எடுத்தபோது, நாயகனின் உருவத்துக்கு அந்த 1983 ஓவியத்தையே ஆதாரமாக வைத்தார்கள். உள்ளே மனிதன் நுழையும் இறப்பர் உடை இப்போது தேவைப்படவில்லை. கணினியில் உருவான அல்ட்ராமனுக்குச் சிப்பும் இல்லை, சிப்பை மறைக்கும் செதிலும் இல்லை. நெஞ்சு விளக்கும் போய்விட்டது. குனிந்து, கைகளை முன்னே விரித்து நிற்கும் நிலை மட்டும் ஃபுருயாவினுடையதாகவே இருக்கிறது.